மூளையில் ‘நரம்பு வெடிப்பது’: அனியூரிசம் ஆபரேஷனும் வசதி குறைந்த மருத்துவமனைகளும்

“நேற்று வரைக்கும் நல்லாத்தான் இருந்தார், திடீரென்று மூளையில் நரம்பு வெடித்துவிட்டதாம்.” இந்தப் பேச்சைக் கேட்காதவர்கள் குறைவு. கூடவே மூன்று கருத்துகளும் வந்து சேரும். வெடித்த பிறகு செய்வதற்கு எதுவும் இல்லை என்பார் ஒருவர். இப்போதெல்லாம் மண்டையைத் திறக்காமலேயே சரிசெய்கிறார்கள், திறப்பது பழைய காலத்து வைத்தியம் என்பார் இன்னொருவர். மிகப் பெரிய மருத்துவமனை என்றால்தான் உண்டு, மற்ற இடங்களில் கைவைக்க விடவே கூடாது என்பார் மூன்றாமவர். மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அந்தக் கொஞ்சத்தை முழுசாக நம்பிக்கொண்டு, எங்கே கொண்டுபோவது என்று குடும்பம் அலையும் நேரத்தில்தான் பல உயிர்கள் போகின்றன. அதனால் அடியிலிருந்து பார்ப்போம்.

முதலில், வெடிப்பது நரம்பு இல்லை. கையில் பச்சையாகத் தெரிவதையும் நரம்பு என்கிறோம், வலியை மூளைக்குச் சொல்வதையும் நரம்பு என்கிறோம். பேச்சில் அது பரவாயில்லை. ஆனால் இங்கே வெடிப்பது தமனி, அதாவது இதயத்திலிருந்து ரத்தத்தை அழுத்தத்தோடு சுமந்துவரும் குழாய்.

டியூபில் ஒரு புடைப்பு

பழைய சைக்கிள் டியூப் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஓரிடத்தில் ரப்பர் மெலிந்திருக்கிறது. காற்றடிக்க அடிக்க அந்த இடம் மட்டும் தனியாகப் புடைத்துக்கொண்டு வெளியே வரும். மூளையின் தமனியில் இப்படி ஏற்படும் புடைப்புக்குத்தான் அனியூரிசம் என்று பெயர்.

இது எங்கே வேண்டுமானாலும் வருவதில்லை. மூளையின் அடிப்பக்கத்தில் தமனிகள் ஒன்றோடொன்று இணைந்து ஒரு வளையமாக இருக்கின்றன. 1664இல் இதை விவரித்த தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கிலேய மருத்துவரின் பெயரால் வில்லிஸ் வளையம் என்கிறார்கள். அந்த வளையத்திலும் அதைச் சுற்றியும் தமனி இரண்டாகப் பிரியும் முக்குகளில் ரத்தம் நேராகப் போய் மோதுகிறது. நிமிடத்துக்கு எழுபது எண்பது தடவை, வருடக்கணக்காக. பெரும்பாலான அனியூரிசங்கள் அந்த முக்குகளில்தான் உருவாகின்றன. புகைபிடித்தலும் கவனிக்காமல் விட்ட ரத்தக்கொதிப்பும் சுவரை இன்னும் பலவீனமாக்கும். சில குடும்பங்களில் பரம்பரையாகவும் வருகிறது.

பலூன் ஊதியவர்களுக்குத் தெரியும்: முதல் ஊதல்தான் கடினம். கொஞ்சம் உப்பியதும் ரப்பர் மெலிந்து, பிறகு எளிதாகப் பெருத்துக்கொண்டே போகும். அனியூரிசத்தின் சுவரும் புடைக்கப் புடைக்க மெலிகிறது. பலூனைப் போலவே அதற்கு ஒரு கழுத்து உண்டு. தமனியிலிருந்து ரத்தம் உள்ளே நுழையும் வாசல் அது. இந்தக் கழுத்தை நினைவில் வையுங்கள், சிகிச்சை முழுவதும் அதைச் சுற்றித்தான்.

பெரியவர்களில் 100 பேரில் சுமார் 3 பேருக்கு அனியூரிசம் இருக்கிறது. அவர்களில் பெரும்பாலோருக்கு அது கடைசிவரை வெடிப்பதே இல்லை. வேறு எதற்காகவோ எடுத்த ஸ்கேனில் சிறியதாக ஒன்று தென்பட்டதும் உடனே ஆபரேஷன் என்று பதற வேண்டியதில்லை. அளவு, இடம், வயது, குடும்ப வரலாறு எல்லாவற்றையும் பார்த்து, பலருக்குக் கண்காணித்தாலே போதும் என்றுதான் முடிவு செய்வார்கள்.

சுருக்கமாக: இது மூளைக்கட்டியும் இல்லை, ரத்தக்குழாய் அடைப்பும் இல்லை. தமனியின் சுவரில் மெலிந்து உப்பிய ஓர் இடம்.

வெடித்த பிறகுதான் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது

மூளையைச் சுற்றி மெல்லிய சவ்வுகளுக்கு நடுவே தெளிந்த நீர் ஓடிக்கொண்டிருக்கிறது. மூளைத் தண்டுவட நீர் என்பார்கள். அனியூரிசம் வெடித்தால் தமனியின் முழு அழுத்தத்தோடு ரத்தம் அந்த நீருக்குள் பாய்கிறது. மண்டை ஓடு விரிந்துகொடுக்காது. நொடிகளில் உள்ளே அழுத்தம் எகிறுகிறது. வாழ்க்கையில் இதுவரை காணாத தலைவலி, ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய்விடும். வாந்தி, கழுத்து இறுக்கம், சிலருக்கு நினைவிழப்பு. சிலர் மருத்துவமனைக்கு வந்து சேர்வதற்கு முன்பே இறந்துவிடுகிறார்கள்.

மற்றவர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள்? உள்ளே ஏறிய அழுத்தமே கசிவைத் தடுக்கிறது, அதற்குள் ஓட்டையின் மேல் ரத்தம் உறைந்து ஒரு தற்காலிக அடைப்பு உண்டாகிறது. நோயாளி கண் திறக்கிறார், பேசுகிறார். வீட்டார் ஆபத்து தாண்டிவிட்டது என்று மூச்சு விடுகிறார்கள்.

உண்மையில் அந்த அடைப்பு ஈரமண் பூசிய ஓட்டை மாதிரி. உடம்பே அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கவும் செய்யும். மறுபடி வெடிக்கும் ஆபத்து முதல் 24 மணி நேரத்தில் மிக அதிகம், அடுத்த சில வாரங்களுக்கும் தொடர்கிறது. மூடாமல் விட்டால் 6 மாதத்துக்குள் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு மறுபடி வெடிக்கும். இரண்டாம் முறை வெடித்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பிழைப்பதில்லை.

ஆபரேஷன் எதற்கு என்ற கேள்விக்குப் பதில் இதுதான். முதல் வெடிப்பு செய்த சேதத்தை எந்த ஆபரேஷனும் அழிக்காது. அடுத்த வெடிப்பு நடக்காமல் அந்தக் கழுத்தை மூடுவதே அதன் வேலை. “வெடித்த பிறகு என்ன செய்ய முடியும்” என்ற பேச்சு தவறாவது இந்த இடத்தில்தான். வெடித்த பிறகும் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது.

செலவில்லாத ஒரு கேள்வி

வசதி குறைவு என்றதும் எல்லோரும் ஆபரேஷன் தியேட்டரைத்தான் நினைக்கிறார்கள். ஆனால் நோயாளி பெரும்பாலும் அதற்கு முன்பே தவறவிடப்படுகிறார், சாதாரணத் தலைவலி என்று மாத்திரை கொடுத்து அனுப்பப்படும் இடத்தில். வசதியான நாடுகளும் இதற்கு விலக்கல்ல. 2004இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், இந்த ரத்தக்கசிவோடு வந்தவர்களில் 12 சதவீதம் பேருக்கு முதலில் வேறு நோய் என்று சொல்லப்பட்டிருந்தது. ஒற்றைத் தலைவலி, டென்ஷன் என்று. முக்கியக் காரணம், சி.டி. ஸ்கேன் எடுக்கவில்லை என்பதுதான்.

“வலி எவ்வளவு நேரத்தில் உச்சத்துக்குப் போனது?” என்று கேட்க எந்தக் கருவியும் வேண்டாம். அரை நாளாக மெல்ல ஏறிய வலி வேறு, சம்மட்டியால் அடித்தது போல ஒரே நொடியில் வந்த வலி வேறு. இரண்டாவது என்றால் உடனே சி.டி. எடுக்க வேண்டும். வலி தொடங்கி 6 மணி நேரத்துக்குள் எடுத்த நல்ல சி.டி. ஏறக்குறைய எல்லாக் கசிவையும் காட்டிவிடும். நாள் செல்லச் செல்ல ரத்தம் கரைந்து படத்தில் மங்கும். அப்போது முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீரை எடுத்துப் பார்க்க வேண்டும். அது மஞ்சளாக இருந்தால் ஏற்கெனவே ரத்தம் கசிந்திருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும்.

கசிவு உறுதியான பிறகு, அனியூரிசம் எந்த முக்கில் இருக்கிறது, கழுத்து எவ்வளவு அகலம் என்று காட்ட ரத்தக்குழாய்ப் படம் தேவை. ஆஞ்சியோகிராம் என்பது இதுதான். மூளைக்கு இதை முதலில் செய்தவர் போர்ச்சுகலின் எகாஸ் மோனிஸ், 1927இல். இன்று கையில் மருந்து ஏற்றி சி.டி. இயந்திரத்திலேயே இதை எடுத்துவிடலாம். பல சமயம் ஆபரேஷனைத் திட்டமிட அதுவே போதும்.

கழுத்தை மூட இரண்டு வழிகள்

ஒரு பலூனுக்குள் காற்று போகாமல் தடுக்க வேண்டும். துணிக்கு மாட்டும் கிளிப்பால் அதன் கழுத்தை இறுக்கிவிடலாம். இல்லையென்றால் பலூனுக்குள் நூலை அடைத்து அடைத்து நிரப்பிவிடலாம். சிகிச்சையும் இப்படித்தான் இரண்டு வகை.

முதலாவது கிளிப்பிங். மண்டை ஓட்டில் ஒரு சன்னல் திறந்து, மூளையின் மடிப்புகளுக்கு நடுவே வழி செய்து, அனியூரிசத்தின் கழுத்தில் வெளியிலிருந்து சின்ன உலோகக் கிளிப்பை மாட்டுவது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வால்டர் டேண்டி 1937 மார்ச்சில் இதை முதன்முதலில் செய்தார். நோயாளியின் ஒரு கண் இமை தொங்கிப்போயிருந்தது. அனியூரிசம் பக்கத்திலுள்ள கண் நரம்பை அழுத்தியதன் அடையாளம் அது. அன்று சி.டி. கிடையாது, ஆபரேஷன் மைக்ரோஸ்கோப் கிடையாது. வெள்ளியாலான கிளிப். நோயாளி பிழைத்து வீடு திரும்பினார்.

இரண்டாவது காயிலிங். தொடையிலோ மணிக்கட்டிலோ உள்ள தமனி வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, எக்ஸ்ரே திரையில் பார்த்தபடியே மூளை வரை கொண்டுபோய், அனியூரிசத்துக்குள் பிளாட்டினக் கம்பிச்சுருள்களை அடைப்பது. உள்ளே ரத்தம் உறைந்து, புடைப்பு தனியாகிவிடும். குய்டோ குலியெல்மி உருவாக்கிய சுருள்கள் 1990இல் முதன்முதலாக நோயாளிக்குப் பயன்பட்டன.

எது நல்லது? 2002இல் வெளியான ஒரு பெரிய சர்வதேச ஆய்வில் 2143 நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி ஒப்பிட்டார்கள். ஒரு வருடம் கழித்து இறந்தவர்கள், பிறர் உதவியின்றி வாழ முடியாதவர்கள் இருவரையும் சேர்த்தால், கிளிப் பிரிவில் 100க்கு சுமார் 31, சுருள் பிரிவில் சுமார் 24. “திறப்பது பழைய வைத்தியம்” என்ற பேச்சு இங்கிருந்துதான் பரவியது.

ஆனால் அந்த ஆய்வில் சேர்ந்தவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். இரண்டு முறையாலும் மூட முடியும் என்று மருத்துவர்கள் கருதியவர்கள் மட்டுமே. பெரும்பாலோர் நல்ல நினைவோடு வந்தவர்கள், சின்ன அனியூரிசம் உள்ளவர்கள். இரண்டு வகை நிபுணர்களும் இருந்த மையங்களில் நடந்தது. கழுத்து அகலமாக இருந்தால் சுருள் நழுவும். மூளைக்குள்ளேயே ரத்தம் பெரிதாகத் தேங்கியிருந்தால் எப்படியும் திறந்துதான் எடுக்க வேண்டும், அப்போது கிளிப்பையும் மாட்டிவிடலாம். மூளையின் பின்பகுதியில் ஆழமாக இருப்பதற்கும் வயதானவர்களுக்கும் சுருளே மேல். சுருள் வைத்தவர்களுக்கு மறுபடி சிகிச்சை தேவைப்படுவது கிளிப் போட்டவர்களைவிட அதிகம். அதனால் திரும்பத் திரும்ப வந்து ஆஞ்சியோகிராம் எடுக்க வேண்டும். ஊருக்கும் மருத்துவமனைக்கும் ஒரு நாள் பயணம் என்றால் அந்த ‘திரும்பத் திரும்ப’ நடக்குமா என்பதையும் சேர்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

எது குறைவு, எது குறையக் கூடாது

பாதுகாப்பான, கட்டுப்படியாகும் அறுவை சிகிச்சை உலகில் சுமார் 500 கோடிப் பேருக்கு எட்டவில்லை என்று 2015இல் ‘லான்செட்’ மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் சொன்னது. மூளை அறுவை அதிலும் கடைசி வரிசை.

காயிலிங்குக்கு விலையுயர்ந்த எக்ஸ்ரே அரங்கம் வேண்டும், அதைப் பராமரிக்க ஆள் வேண்டும், அதற்கென்றே பயிற்சி பெற்ற நிபுணர் வேண்டும். சுருள்கள் ஒருமுறைதான் பயன்படும், ஒரு அனியூரிசத்துக்குப் பல தேவைப்படலாம். கிளிப்பிங்குக்குப் பெரும்பாலும் ஒன்றிரண்டு கிளிப் போதும். மாட்டும் கருவியைக் கிருமி நீக்கி ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தலாம். அதனால்தான் வசதி குறைந்த பல மருத்துவமனைகளில் இன்றும் கிளிப்பிங்கே முதன்மைச் சிகிச்சை. காயிலிங் இல்லாத இடத்தில் நல்ல கையால் சீக்கிரமாகப் போடும் கிளிப், வராத சுருளுக்காகக் காத்திருப்பதைவிடப் பல மடங்கு மேல் என்பது என் உறுதியான கருத்து.

மின் துளைக்கருவி இல்லையென்றால் கையால் சுற்றும் துளைக்கருவியும் ஜிக்லி ரம்பமும் போதும். ஜிக்லி ரம்பம் என்பது முறுக்கிய கம்பி. இரண்டு துளைகளுக்கு இடையே எலும்பின் அடியில் நுழைத்து, இரு கைகளாலும் மாறி மாறி இழுத்து அறுப்பார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஓர் இத்தாலிய மகப்பேறு மருத்துவர் உருவாக்கியது, இன்றும் பயன்படுகிறது.

மைக்ரோஸ்கோப் அப்படி இல்லை. 1960களில் காஸி யாசர்கில் போன்ற மூளை அறுவை நிபுணர்கள் அதை மூளை அறுவைக்குக் கொண்டுவந்த பிறகுதான் பலன்கள் மாறின. பழைய மாடலாக இருக்கலாம், ஒளி தெளிவாக விழ வேண்டும், அவ்வளவுதான். கிளிப்பிலும் ஒரே அளவை வைத்துக்கொண்டு இறங்கக் கூடாது. நேரானது, வளைந்தது, நீளம், குட்டை என்று ஒரு தட்டு நிறைய இருக்க வேண்டும். உள்ளே கழுத்தைப் பார்க்கும் வரை எது பொருந்தும் என்று தெரியாது. அப்புறம் ரத்த வங்கி, தடைபடாத மின்சாரம், ஒன்றுக்கு இரண்டு உறிஞ்சு குழாய். இந்த இரண்டாவது குழாய் ஏன் என்று அடுத்துப் பார்ப்போம்.

மைக்ரோஸ்கோப்பின் அடியில்

மூளையைக் கரண்டியால் அழுத்தி ஒதுக்கிவிட்டுப் போவதாகத்தான் பலர் நினைக்கிறார்கள். நல்ல அறுவை நிபுணர் முடிந்தவரை ஒதுக்குவதில்லை. பக்கவாட்டு மடிப்பின் மேல் சிலந்தி வலை போன்ற சவ்வை மெல்லக் கிழிக்கிறார். தேங்கிய நீர் வெளியேறுகிறது. வீங்கி நின்ற மூளை தானாகவே தளர்ந்து இறங்குகிறது. இந்த நீரை வடித்துக் காத்திருக்கும் பொறுமைக்கு எந்தக் கருவியும் வேண்டாம். பாதி ஆபரேஷன் அதில்தான் இருக்கிறது.

அடுத்து தமனியைத் தேடிப் பிடித்து, அனியூரிசத்துக்கு முன்பே அதை அடையாளம் கண்டுகொள்கிறார். தேவைப்பட்டால் அங்கே பிடி குறைந்த ஒரு தற்காலிகக் கிளிப்பைப் போட்டு ரத்தத்தைச் சற்று நிறுத்துகிறார். மயக்க மருந்து நிபுணர் சத்தமாக எண்ணுகிறார்: ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். அந்த நேரம் முழுவதும் மூளையின் ஒரு பகுதி ரத்தம் இல்லாமல் காத்திருக்கிறது. சிவந்து மெலிந்த குமிழ், அதன் மேல் பழைய உறைவு. அதைத் தொடாமல் கழுத்தின் இருபுறமும் விடுவிக்க வேண்டும். இந்தக் கட்டத்தில் வெடித்தால் ஒரு நொடியில் எல்லாம் சிவப்பாகிவிடும். ஒரு உறிஞ்சு குழாய் ரத்தத்தை இழுத்துக்கொண்டிருக்க, இன்னொன்று ஓட்டையின் வாயிலேயே நின்று இடத்தைத் தெளிவாக்க வேண்டும். இரண்டாவது குழாய் அதற்குத்தான்.

கிளிப் மாட்டியாயிற்று. சரியாக மூடியதா, பக்கத்துச் சின்னத் தமனியையும் சேர்த்து நெரித்துவிட்டதா? வசதியான இடங்களில் ஒளிரும் சாயம் ஏற்றி மைக்ரோஸ்கோப்பிலேயே பார்ப்பார்கள். அது இல்லாத இடத்தில் பென்சில் போன்ற டாப்ளர் கருவியைத் தமனியின் மேல் வைத்து ரத்த ஓட்டத்தின் சத்தத்தைக் கேட்கலாம். அதன்பின் மெல்லிய ஊசியால் குமிழைக் குத்திப் பார்ப்பார்கள். ரத்தம் பீறிடாமல் குமிழ் சுருங்கினால் கழுத்து மூடிவிட்டது. இல்லையென்றால் கிளிப்பை எடுத்து மாற்றி மாட்டலாம்.

எந்த நாளில் வருகிறார் என்பது

வழிகாட்டு நெறிகள் முடிந்தால் 24 மணி நேரத்துக்குள் மூடச் சொல்கின்றன. வசதி குறைந்த இடங்களுக்கு நோயாளி ஐந்தாம் நாள், எட்டாம் நாள் வந்து சேர்கிறார். அந்த நாள்களில் இன்னோர் ஆபத்து நடந்துகொண்டிருக்கும். மூளையைச் சுற்றிக் கசிந்த ரத்தம் தமனிகளை எரிச்சலூட்டி, அவை சுருங்கத் தொடங்கும். வாசோஸ்பாசம் என்பது இது. பெரும்பாலும் 4ஆம் நாளிலிருந்து 14ஆம் நாள் வரை. 1990இல் வெளியான பெரிய சர்வதேச ஆய்வில், 7 முதல் 10ஆம் நாளுக்குள் ஆபரேஷன் திட்டமிட்டவர்களுக்கே பலன் மோசமாக இருந்தது. காத்திருந்தால் மறுபடி வெடிக்கலாம், தொட்டால் சுருங்கிய தமனி தாங்காமல் போகலாம். நோயாளியின் நினைவு நிலையைப் பார்த்து ஒவ்வொருவருக்கும் தனியாக எடுக்கும் முடிவு அது.

தாமதமாக நோயாளிகள் வரும் மருத்துவமனையின் எண்களைப் படிக்கும்போதும் கவனம் வேண்டும். மோசமாகப் பாதிக்கப்பட்டவர்கள் வழியிலேயே இறந்திருப்பார்கள். வந்து சேர்ந்தவர்கள் ஏற்கெனவே தாக்குப்பிடித்தவர்கள். அங்கே ஆபரேஷன் பலன் நன்றாகத் தெரிந்தால் அதில் கைத்திறனும் இருக்கலாம், இந்த வடிகட்டலும் இருக்கலாம்.

கிளிப்புக்குப் பிறகு இரண்டு வாரம்

ஆபரேஷன் முடிந்தது, பிழைத்துவிட்டார் என்று சொல்ல இன்னும் நாள் இருக்கிறது. வாசோஸ்பாசம் கிளிப்பைக் கேட்டு நிற்காது. நிமோடிபின் என்ற மருந்து இதன் பாதிப்பைக் குறைக்கிறது என்று 1989இல் வெளியான பிரிட்டன் ஆய்வு காட்டியது. வழக்கமான அளவு 60 மில்லிகிராம், 4 மணி நேரத்துக்கு ஒருமுறை, 21 நாள். இரவு இரண்டு மணி வேளையும் அதில் அடக்கம், அதைத் தவறவிடக் கூடாது.

வசதியான இடங்களில் வாசோஸ்பாசத்தைக் கண்டுபிடிக்க விதவிதமான கருவிகள் இருக்கும். ஆனால் 1974இல் வந்த கிளாஸ்கோ கோமா அளவுகோலுக்கு ஒரு தாளும் ஒரு நர்ஸும் போதும். கண் திறக்கிறாரா, என்ன பேசுகிறார், சொன்னால் கையைத் தூக்குகிறாரா என்று மணிக்கொரு முறை பார்த்து எண் போடுவது. காலையில் பெயர் சொன்னவர் மதியம் சொல்லத் தடுமாறினால், நீட்டிய இரு கைகளில் ஒன்று மெல்லக் கீழிறங்கினால், அது தூக்கக் கலக்கம் இல்லை. உடனே மருத்துவரை எழுப்ப வேண்டும். உப்புச்சத்து குறைந்திருக்கிறதா என்று ரத்தத்தில் பார்ப்பார்கள், போதுமான திரவம் போகிறதா என்று கணக்கெடுப்பார்கள், மூடிய அனியூரிசம் என்பதால் தேவைப்பட்டால் ரத்த அழுத்தத்தை உயர்த்தவும் செய்வார்கள். தண்ணீரைக் குறைத்தால் மூளை வீக்கம் குறையும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். இந்த நோயில் அது கெடுதல்.

சுருக்கமாக: ஆபரேஷன் ஓட்டையை மூடுகிறது. அடுத்த இரண்டு வாரத்தில் மூளையைக் காப்பது மருந்து வேளையும் திரவக் கணக்கும், பக்கத்தில் விழித்திருப்பவரும்.

வீட்டுக்குக் கிளம்பும்போது

டிஸ்சார்ஜ் தாளில் எந்த நிறுவனத்தின் எந்த வகைக் கிளிப், எந்த உலோகம் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்குங்கள். இப்போதைய டைட்டானியம் கிளிப்போடு உரிய விதிமுறைப்படி எம்.ஆர்.ஐ. எடுக்கலாம். ஆனால் காந்தத்தில் ஈர்க்கப்படும் பழைய வகைக் கிளிப் அந்த இயந்திரத்துக்குள் நகர்ந்துவிடும், அப்படி உயிரிழப்பும் நேர்ந்திருக்கிறது. பத்து வருடம் கழித்து முழங்கால் வலிக்காக வேறோர் ஊரில் எம்.ஆர்.ஐ. எடுக்கப் போகும்போது, “தலையில் ஏதாவது உலோகம் இருக்கிறதா” என்று கேட்பார்கள். அந்தத் தாளின் இரண்டு நகல்கள் எடுத்து, ஒன்றை வீட்டிலும் ஒன்றை நெருங்கிய உறவினர் ஒருவரிடமும் வைத்துவிடுங்கள்.